மஞ்சள் பட்டைக்காரர்கள்

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் விசில் ஊதிக் களைத்துப்போய், இனிக் கொஞ்சம் கடல் காற்றாவது வாங்கலாம் என்று கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவள் பி.டி. அக்கா. ஏழு நாள் உல்லாசப் பயணம் போய்வரும் பெரிய கப்பல் அது. அவள் சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையில் ‘இளையோர் தோழமை அலுவலர்’ என்று எழுதியிருந்தது. சமையலறை ஆட்களுக்கு அதை ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. முன்பு பி.டி. டீச்சராக இருந்தாளாம் என்று யாரோ சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

கடல் காற்றுதான் கிடைக்கவில்லை. அவள் பொறுப்பில் விட்டிருந்த இளையோர் மன்றம் ஐந்தாம் தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. சோப்பு வாசனையும் சூடான நீராவியும் சுவர் வழியாகவே உள்ளே வந்துவிடும். ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, பாட்டுப் பாடும் மெஷின் ஒன்று, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மெத்தைப் பைகள் பத்து, கடலைப் பார்க்க ஒரே ஒரு ஜன்னல். வாசலில் ‘பெரியவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை தொங்கியது. அதனால் பெரியவர்கள் உள்ளே வருவதில்லை. கதவில் இருந்த வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு வெளியே நிற்பார்கள். தினமும் காலையில் அந்த மூக்குத் தடங்களைத் துடைப்பதுதான் அவளுடைய முதல் வேலை.

அந்தப் பயணத்தில் இருபத்து மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் பதிமூன்றுக்கு மேல், பதினேழுக்குக் கீழ். முதல் நாள் அவர்களை வட்டமாக நிற்க வைத்து, பெயரையும் பிடித்த மிருகத்தையும் சொல்லச் சொன்னாள். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினாலு பேர் பூனை என்றார்கள், அது சொல்வதற்குச் சுலபமாக இருந்ததால். ஒருவன் மட்டும் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சிங்கம் என்று கர்ஜித்தான். அதன்பிறகு மைக்கைக் கொடுக்கவே இல்லை. அன்று மாலைக்குள் அவன் பெயரே ‘மைக்’ ஆகிவிட்டது.

மறுநாள் காலை, மூக்குத் தடத்தைத் துடைக்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கே இருந்தது. கண் டாக்டர் ஒருவரின் மூக்கு.

“மேடம், என் பொண்ணு நேத்து எத்தனை பேர்கிட்ட பேசினா?”

“ஒருத்தர்கிட்ட பேசினாங்கம்மா.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. “யாரு? பையனா, பொண்ணா?”

“என்கிட்ட. ஜன்னலோரமா இருக்கற நாற்காலியில யாராவது உக்காருவாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். போய் உக்காந்துட்டாங்க.”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. “இந்தப் பயணமே அவளுக்காகத்தான் மேடம். அவ அப்பா மலைக்குப் போலாம்னு சொன்னார். நான்தான், மலைன்னா அவ பாட்டுக்கு ஒரு பாறையைப் பாத்து உக்காந்துப்பா, கப்பல்னா தப்பிச்சு எங்க போவான்னு இங்க கூட்டிட்டு வந்தேன். உங்க விளம்பரத்துலயே போட்டிருக்கே, ‘பிள்ளைகளுக்கு நண்பர்கள் எங்கள் பொறுப்பு’ன்னு.”

விளம்பரத்தை எழுதியவன் கரையில் இருந்தான். மாட்டிக்கொண்டவள் கப்பலில் இருந்தாள். “பாத்துக்கறேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னல் நாற்காலிக்குப் போனாள்.

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. மடியில் திறந்த புத்தகம், கண் கடலில். மற்றவர்கள் அவளுக்கு அதற்குள் ‘ஜன்னல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அம்மா வந்தாங்களாக்கா?”

“வந்தாங்க. நீ யார்கூடவும் பழக மாட்டேங்கறன்னு கவலைப்படறாங்க.”

“எனக்கு ஸ்கூல்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கக்கா. எனக்கு ரெண்டு போதும். அம்மாவுக்குத்தான் பத்தல” என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் புரட்டினாள்.

இத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் டாக்டர் அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய்விட்டார்.

உல்லாசப் பிரிவு மேனேஜருக்குக் கப்பலில் ‘சிரிப்பு சார்’ என்று பெயர். கோபம் வந்தாலும் சிரிப்பார், பல் வலித்தாலும் சிரிப்பார். ஒரு தடவை குழாய் வெடித்து அவருடைய அறையில் கணுக்கால் ஆழம் தண்ணீர் நின்றபோது, சிரித்துக்கொண்டே மூன்று தளம் ஓடி ஆள் கூப்பிட்டாராம். அவர் பி.டி. அக்காவைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் கைப்பட்டைகள்.

“தலைமை அலுவலகத்தோட புதுத் திட்டம் டீச்சர். நண்பர் இல்லாத பிள்ளைங்க கையில இதைக் கட்டிடுங்க. பட்டை கட்டின பிள்ளைகூட யாராவது அரை மணி நேரம் பேசினா, ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சீட்டு. அரை மணிக்கு ஒரு நட்பு. நீங்க கையெழுத்துப் போட்டுக் கணக்கை எனக்கு அனுப்பிடுங்க.”

“ஆட்டுக்கு அடையாளம் போட்ட மாதிரி இருக்காதா சார்?”

“ஆடு எப்பவும் மந்தையோடதானே டீச்சர் இருக்கு? நமக்கும் அதானே வேணும்!” சிரிப்பு சார் சிரித்தார்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலின் கையில் பட்டையைக் கட்டும்போது அவளால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐஸ்கிரீம் என்ற சொல் ஐந்தாம் தளத்தில் பரவ ஐந்து நிமிஷம் ஆயிற்று. முதலில் மைக் வந்தான். கைக்கடிகாரத்தில் நேரம் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

“உனக்கு என்ன பிடிக்கும்?”

“அமைதி.”

“எனக்கும்தான்!” என்று ஆரம்பித்தவன், அமைதி ஏன் தனக்குப் பிடிக்கும் என்று இருபத்தொன்பது நிமிஷம் விளக்கினான். அவன் எழுந்ததும் அடுத்தவள், அவள் எழுந்ததும் அடுத்தவன். பல் பிடுங்குகிற டாக்டர் வீட்டு வாசல் மாதிரி வரிசை நின்றது. சாயங்காலத்துக்குள் ஜன்னலுக்கு ஒன்பது நட்பு, ஒன்பது ஐஸ்கிரீம், ஒரு தலைவலி. புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இரட்டையர்கள் வந்தார்கள். சிமெண்ட் வியாபாரி ஒருவரின் பிள்ளைகள், பதினாலு வயது, அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். இருவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“அக்கா, எங்களுக்கு நண்பர்களே இல்ல.”

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இருக்கீங்களேப்பா?”

“அவன் என் அண்ணன்க்கா. ஃப்ரெண்ட் இல்ல” என்றான் நாலு நிமிஷம் பின்னால் பிறந்தவன்.

மூத்தவன் ஆமாம் என்று தலையசைத்து மூக்கை உறிஞ்சினான். பி.டி. அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. இரண்டு பட்டை கட்டினாள். அதுதான் மடை திறந்த கதை ஆயிற்று. மத்தியானத்துக்குள் ஆறு பேர், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது பேர். கப்பலுக்கே கேட்கும்படி பாடிக்கொண்டிருந்த மைக்கும்கூட வந்து, கூச்சம் தன்னைப் பிடுங்கித் தின்பதாகச் சொன்னான். மைக்கில்தான் சொன்னான்.

நாலாம் நாள் இருபத்து மூன்று கைகளிலும் மஞ்சள் பட்டை. நண்பரில்லாதவர்கள் நண்பரில்லாதவர்களோடு அரைமணி அரைமணியாகப் பேசிச் சீட்டு வாங்கிப் போனார்கள். கையெழுத்துப் போட்டுப் போட்டு அவளுக்கு விரல் வீங்கியது. ஐஸ்கிரீம் கொடுக்கிறவர் வந்து, வெனிலா தீர்ந்துவிட்டது, இனிமேல் நட்புக்கெல்லாம் எலுமிச்சைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு கரைக்குப் போயிற்று. இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் நண்பர் இல்லை என்று பார்த்தால் வேலை போய்விடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். தலைமை அலுவலகம் அதை வேறு கண்ணால் பார்த்தது. மூன்றே நாளில் நூற்று நாற்பத்தாறு நட்புகள்! கம்பெனியின் எந்தக் கப்பலும் செய்யாத சாதனை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. சிரிப்பு சார் அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி தேடினார்.

ஆனால் அந்தப் பட்டை அப்பா அம்மாக்கள் கண்ணிலும் பட்டதே! தன் பிள்ளையின் கையில் மஞ்சளைப் பார்த்த ஒவ்வொரு தாய்க்கும் வயிறு எரிந்தது. அதுவரை ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டவர்கள் தனித்தனி மேஜைக்குப் போனார்கள். கண் டாக்டர் சிமெண்ட்காரரின் மனைவியைப் பார்த்து வணக்கம் சொல்வதை நிறுத்தினார். சிமெண்ட்காரர் மைக்கின் அப்பாவோடு ஆடிக்கொண்டிருந்த செஸ் ஆட்டத்தைப் பாதியில் கலைத்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து ஐந்தாம் நாள் சாயங்காலம் கூட்டம் வேண்டும் என்று சிரிப்பு சாரைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான்.

அன்று மத்தியானம் பந்துக்குக் காற்றடிக்கிற பம்பைத் தேடி, பி.டி. அக்கா சலவைக்கூடத்துப் பக்கக் கதவு வழியாக மன்றத்துக்குள் நுழைந்தாள். அந்த வழியாக யாரும் வருவதில்லை. உள்ளே இரட்டையரில் இளையவன் மெத்தைப் பைமேல் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“உதட்டைக் கடிச்சுக்கோ. மனசுக்குள்ள மூணு எண்ணு. உடனே அழாத, கீழ பாரு. அக்கா ‘என்னாச்சு’ன்னு கேட்டதும் ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லணும். ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாத்தான் நம்புவாங்க.”

சுற்றி இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை, ஒருத்தி மடியில் இன்னொருத்தியின் கால். டேபிள் டென்னிஸ் மேஜையைச் செங்குத்தாக மடக்கி, அதன் முதுகில் பெரிய காகிதம் ஒட்டியிருந்தது. அட்டவணை. யார் எப்போது தனிமையில் வாட வேண்டும், யார் போய்ப் பேச வேண்டும் என்று கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, அப்படி ஒரு ஒழுங்கு! பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட கால அட்டவணையோடு மல்லுக்கட்டியவள் அவள். அதில் ஒரு பிசகும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பம்பு கையிலிருந்து விழுந்தது. இருபத்து மூன்று தலைகள் திரும்பின.

“யாரு போட்டது இதை?”

ஜன்னல் எழுந்து நின்றாள்.

“நான்தான்க்கா. எனக்கு மட்டும் பட்டை இருந்தா எல்லாரும் என்னையே சுத்துவாங்க. எல்லாருக்கும் கட்டிவிட்டா யாருக்கும் கட்டாத மாதிரி. இந்த ட்வின்ஸ் ரெண்டு பேர்கிட்டதான் முதல்ல சொன்னேன். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் யாரும் என்கிட்ட பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம்.”

பி.டி. அக்காவுக்குக் கோபம் பொங்கியது. ஏமாந்துபோன கோபம். கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டாள். “நான் நிஜம்னு நினைச்சேன். ஒவ்வொருத்தரா வந்து அழுதப்ப, நானும் அறைக்குப் போய்…” என்று ஆரம்பித்தவள், அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்து நிறுத்தினாள்.

‘பி.டி. அக்கா. மதியம் 1.30. தனிமை. பேச வேண்டியவர்: தினம் ஒருவர்.’

“இது என்ன?”

“நீங்கதான்க்கா உண்மையான கேஸ்” என்றான் மைக், மைக் இல்லாமல், மெதுவாக. “ஊழியர் சாப்பாட்டுக்கூடம் எங்க படிக்கட்டுல இருந்து தெரியும். நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க. பக்கத்துல யாரும் இல்ல. ஃபோனை எடுத்துப் பாக்கறீங்க, உள்ள வெச்சுடறீங்க. மூணு நாளா பாத்தோம்.”

“எனக்கு வேலை தலைக்கு மேல இருக்குப்பா. அதான்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான்க்கா சொல்லுவாங்க” என்றான் மூத்த இரட்டையன். குரலில் அத்தனை கனிவு. முந்தாநாள் அவள் அவனிடம் பேசிய அதே குரல்.

அவள் குனிந்து பம்பைத் தேடினாள். காலடியில்தான் கிடந்தது. எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலக் கூட்டம் சின்ன நாடக அரங்கில் நடந்தது. ஒவ்வொரு குடும்பமும் நடுவில் நாலு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தது. சிரிப்பு சார் மேடையோரம் திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

சிமெண்ட்காரர் எழுந்தார். “என் பசங்க ரெண்டு பேரையும் எல்லாருமா சேர்ந்து ஒதுக்கி வெச்சிருக்காங்க. இதுக்கு யார் பொறுப்பு?”

“என் பொண்ணை ஒதுக்கினதே உங்க பசங்கதான்!” என்றார் கண் டாக்டர்.

“என் பையன் வாயில்லாப் பூச்சிங்க. அவனைப் போய்…” என்று மைக்கின் அம்மா கண்ணைத் துடைத்தார். நாலு நாளாக அந்த வாயில்லாப் பூச்சியின் பாட்டைக் கேட்டுத் தூக்கம் கெட்டிருந்த பின்வரிசை, பொங்கி வந்த சிரிப்பை இருமலாக்கியது. இருபத்து மூன்று பேரும் ஒதுக்கப்பட்டவர்கள் என்றால் ஒதுக்கியது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குரல்கள் ஏறின. மைக்கின் அப்பா, செஸ்ஸில் சிமெண்ட்காரர் குதிரையைக் கோணலாக நகர்த்தியதைச் சபைக்கு இழுத்தார்.

பி.டி. அக்கா விசிலை எடுத்து ஊதினாள். அரங்கம் கப்சிப்.

அட்டவணையைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் அவள் தலை தப்பும், பிள்ளைகள் தலை உருளும். பிள்ளைகள் பின்கதவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று எட்டிப் பார்ப்பது மேடையிலிருந்து தெரிந்தது.

“நாளையில இருந்து பட்டை கிடையாது. சீட்டும் கிடையாது” என்றாள். “யாரும் யாரையும் யாரோடயும் சேர்த்துவிட வேண்டாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கதவுக் கண்ணாடிகிட்ட யாரும் வராதீங்க. அதுக்கப்புறமும் யாருக்காவது நண்பர் இல்லன்னா, நானே வேலையை விட்டுடறேன்.”

“அப்ப இதுவரைக்கும் ஆன நட்பெல்லாம்?” என்று டாக்டர் கேட்டார்.

“அது எவ்வளவு தாங்குதுன்னு நாளைக்குத் தெரிஞ்சுடும்மா.”

வெளியே வந்ததும் சிரிப்பு சார் அவளைத் தனியே இழுத்தார். “நூத்தி நாப்பத்தாறு காட்டியாச்சு டீச்சர். நாளைக்குப் பூஜ்யம் காட்டினா என்னை என்ன நினைப்பாங்க?” அவர் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண் அழாத குறை.

ஆறாம் நாள் காலை ஒன்பதுக்கு மன்றத்தைத் திறந்தாள். கண்ணாடியில் ஒரு மூக்குத் தடமும் இல்லை. பத்தாயிற்று. பத்தரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. ஜன்னல் நாற்காலியும் காலி. மடித்த மேஜையின் முதுகில் அட்டவணையைக் கிழித்த பசைத்தடம் மட்டும் இருந்தது. சரி, எலுமிச்சை ஐஸ்கிரீமுக்கு வந்த கூட்டம், அது நின்றதும் கலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரி எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது.

பக்கக் கதவைத் திறந்து சலவைக்கூடத்துக்குள் போனாள். அழுக்குப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் குவிந்திருந்தன. மூட்டைகளின்மேல் இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீட்டுக்கட்டு சிதறிக் கிடந்தது. சலவைக்காரர் இஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய் சொல்லாதடா! ராணியை முழங்காலுக்கு அடியில வெச்சிருந்த!” இத்தனை பெரிய குரல் யாருடையது என்று பார்த்தால், ஜன்னல். முகம் சிவந்து, மூட்டைமேல் ஏறி நின்று மைக்கைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“விழுந்துருச்சு! தானா விழுந்துச்சு!”

“தானா விழுந்தா நேரா முழங்காலுக்கு அடியிலயா விழும்?”

இரட்டையரில் மூத்தவன் ஜன்னல் கட்சி, இளையவன் மைக் கட்சி. மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்து, பழைய ஆட்டத்துக் கள்ளத்தனங்களையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனாள். யாரும் சமாதானத்துக்கு வரவில்லை என்று கண்டதும் திரும்பிவந்து இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தாள்.

பி.டி. அக்காவின் கை வழக்கம்போல விசிலுக்குப் போயிற்று. அப்படியே விட்டுவிட்டாள். அரைமணி நேரம் பேசிச் சீட்டு வாங்குகிறவர்கள் இப்படித் தொண்டை கிழியச் சண்டை போடமாட்டார்கள். அதற்கு ஆள் வேண்டியவனாக இருக்க வேண்டும்.

“ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

“இங்கதான்க்கா கண்ணாடி இல்ல” என்றான் இளைய இரட்டையன்.

“அமைதி பிடிக்கும்னியே?” என்று ஜன்னலைக் கேட்டாள்.

“அது மூணு மணிக்குக்கா” என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, ஜன்னல் மறுபடி ராணி விஷயத்துக்குப் போனாள்.

சலவைக்காரர் ஒரு மூட்டையைக் காலால் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். அன்று மதியம் ஒன்றரைக்கு ஊழியர் கூடத்தில் அவள் தட்டு எடுக்கவில்லை. சலவைக்காரரின் டப்பாவில் இருந்ததை எல்லாரும் பிய்த்துத் தின்றார்கள். ஆளுக்கு ஒரு வாய்கூடத் தேறவில்லை. அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

ஏழாம் நாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. படிக்கட்டில் பெட்டிகளோடு பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், கழுத்தை விறைத்துக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளைகள் இறங்கவே மாட்டேன் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எண்களை வாங்கிக்கொண்டு, வரிசையையே அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண் டாக்டர் மகளின் தோளைத் தொட்டார். “சொல்லு, எத்தனை ஃப்ரெண்ட்ஸ்?”

“எண்ணலம்மா. நாலு பேர்கூட சண்டை.”

“சண்டையா? யாரு? எந்த ரூம்? நான் போய் அவங்க அம்மாகிட்ட பேசறேன்.”

“அய்யோ அம்மா, நீ ஒண்ணும் பேசாத! சண்டை இன்னும் முடியல!” என்று ஜன்னல் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் பி.டி. அக்காவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். புகார் கொடுக்கலாமா, நன்றி சொல்லலாமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் போய்விட்டார்.

சிரிப்பு சார் ஆறாம் நாள் கணக்கில் என்ன எழுதினார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ‘இலக்கு முழுவதும் எட்டப்பட்டதால் சேவை நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காக அவருக்குக் கரையில் பெரிய பதவி கிடைத்தது. பி.டி. அக்காவுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அதில் அவளை ‘முதியோர் தோழமை அலுவலர்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

சாயங்காலம் அடுத்த பயணத்துக்குப் பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். துறைமுகத்தில் இருந்ததால் ஃபோனுக்கு உயிர் வந்திருந்தது. மன்றத்து மெத்தைப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளின் பையில் அது ஓயாமல் அதிர்ந்தது. யாரோ அவளையும் ஒரு குழுவில் சேர்த்திருந்தார்கள். எழுபத்தெட்டு செய்திகள், எல்லாம் அந்த ராணியைப் பற்றித்தான். மைக் தன் மேல் குற்றமே இல்லை என்று பாட்டாகவே பாடி அனுப்பியிருந்தான்.

கதவுக் கண்ணாடியில் புதிதாக ஒரு மூக்கு வந்து ஒட்டியது. பி.டி. அக்கா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மெத்தைப் பையில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் தட்டினாள்.

‘மைக்தான் ஏமாத்தினான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.’